தட்டட்டியோடு ஒரு மச்சு விலைக்கு வந்தால்

திருநெல்வேலி டவுன் வாகையடி முக்கில் நின்று, "டவுனுக்குள்ள பழைய வீடு ஏதும் விலைக்கு வருதா அண்ணாச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலோடு ஒரு தரகரும் வருவார். முழு வீடாகக் கிடைப்பது குறைவு. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளிலும் அவற்றிலிருந்து பிரியும் தெருக்களிலும் நிற்கும் காரை வீடுகள் இரண்டு மூன்று தலைமுறையாகப் பாகம் பிரிந்து வந்தவை. அதனால் விலைக்கு வருவது பெரும்பாலும் ஒரு பங்குதான். "மச்சு மட்டுந்தான். தட்டட்டி தனி, மாடிப்படி தனி. மேல ஏறுனா கோபுரம் தெரியும்." முப்பது வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவனை அந்தக் கடைசி வார்த்தை விழத்தட்டிவிடும். என்னை விழத்தட்டியது.

வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. வாங்கியதில் வருத்தமில்லை. வாங்கிய விதத்தில் பதினோரு மாத அலைச்சல் இருந்தது. அது எதனால் என்று நடுவில் சொல்கிறேன்.

முதலில் சொற்கள்

பத்திரத்திலும் தரகர் பேச்சிலும் வரும் சொற்கள் புரியாவிட்டால் பாதி வியாபாரம் உங்களுக்குத் தெரியாமலே நடக்கும். மொட்டை மாடிதான் எங்கள் ஊரில் தட்டட்டி. மச்சு என்றால் மாடிக்கட்டு. தெருவாசலில் திண்ணை, அதையடுத்துத் தார்சா, உள்ளே பட்டாசல், வெளிச்சம் ஏறாத அரங்கு, அடுப்படி, கடைசியில் புறவாசல். தெருவாசலிலிருந்து உள்ளே நீளும் பாதை நடை. ஒரே வாசலுக்குள் வரிசையாகப் பல குடித்தனம், நடுவில் பொதுக் கிணறு என்று இருந்தால் அது வளவு. பத்திரத்தில் பாத்தியம் என்று வந்தால் உரிமை. நான்கெல்லை, சக்குபந்தி என்றால் சுற்றெல்லை. பரப்பை ஜாதியடியிலோ செண்டிலோ சொல்வார்கள். ஒரு செண்டு 435.6 சதுர அடி.

சில பழைய பத்திரங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 825 கூட்டிக்கொண்டால் ஆங்கில ஆண்டு ஏறக்குறைய வந்துவிடும். 1098 என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சோழர் காலத்துப் பத்திரம் என்று நான் பதறியதை என் தரகர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்.

கீழேயிருந்து பாருங்கள்

வீட்டைக் காட்டக் கூட்டிப் போகிறவர் நேரே தட்டட்டிக்கு ஏற்றிவிடுவார். கோபுரம், காற்று, தூரத்தில் மலை என்று எல்லாம் சேர்ந்து உங்கள் புத்தியை மழுக்கிவிடும். மேலே ஏறுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, பட்டாசலுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். நீங்கள் தரை என்று மிதிக்கப்போவது அவர்களுக்குக் கூரை. இந்த வியாபாரத்தில் மற்ற எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகிறது.

பழைய காரை மச்சு எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். ஒன்றரை, இரண்டடி கனச் சுவர்கள். அவற்றின்மேல் உத்திரம், உத்திரத்தின்மேல் குறுக்கே நெருக்கமாகக் கட்டைகள். கட்டைகளுக்கு மேல் செங்கலை விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் பதித்திருப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. அதைக் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கியிருப்பார்கள். மேலாகத் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. ஆக மொத்தக் கனமும் கட்டைகளின் மேல்தான் நிற்கிறது.

விற்கிறவர் எல்லாருமே "பர்மாத் தேக்கு" என்பார்கள். இருக்கலாம். பக்கத்து அறையில் வேம்பும், பின்கட்டில் பனங்கையும் நிற்கும். வைரம் பாய்ந்த பனங்கை தேக்குக்கு இளைத்ததில்லை என்பதால் அதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். எந்த மரம் என்பதைவிட மரத்தின் முனை எப்படி இருக்கிறது என்பதுதான் பெரிது. கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரம் தங்கும், உளுப்பும் கரையானும் அங்கேதான் தொடங்கும். ஏணி போட்டு ஏறி, முனைகளைச் சாவியால் குத்திப் பாருங்கள். டங்கென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டு மாவு உதிர்ந்தால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு கட்டையை மாற்றுவது ஆசாரி வேலையோடு போகும். உத்திரமே போயிருந்தால் வீட்டை மறந்துவிடுங்கள்.

பார்க்கப் போவதற்கு முதல் வாரம்தான் வெள்ளையடித்தது போன்ற மேல்தளத்தைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள். எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருதரம் போய்ப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைதான் நம் பக்கத்துத் தட்டட்டிகளுக்குப் பரீட்சை. அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால் நான்கு குடம் தண்ணீரைத் தட்டட்டியில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மறுநாள் கீழே வந்தும் பாருங்கள்.

மேலே இன்னும் மூன்றைக் கவனியுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால், வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியே சாண் உயரம் நிற்பது சுவருக்குள் கஜக்கணக்கில் ஓடியிருக்கும். இரண்டாவது, ஒழுகும் ஒவ்வொரு முறையும் பழசைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதுத் தளம் போட்டிருக்கிறார்களா என்பது. மாடிப்படி முடியும் இடத்தில் விளிம்பு தெரியும், அடுக்குகளை எண்ணலாம். நான் பார்த்த ஒரு வீட்டில் நான்கு அடுக்கு இருந்தது. அந்தக் கனத்தை யார் தாங்குவது? மூன்றாவது, சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். பிறகு சுவர் உள்ளுக்குள்ளேயே பொரிந்து பட்டை பட்டையாய் உதிரும்.

சிமெண்ட் வேலை மட்டும் தெரிந்த என்ஜினீயர் இங்கே உதவ மாட்டார். சுண்ணாம்பு வேலை பார்த்த வயதான கொத்தனார் ஒருவரையும் கூடவே கூட்டிப் போங்கள். அவருக்கு ஒருநாள் கூலி கொடுத்துவிடுங்கள், தரகர் மூலமாகக் கொடுக்காதீர்கள்.

வெள்ளம் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். மாடிக்கு வெள்ளம் ஏறாது என்பது உண்மைதான். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது ஆற்றோரப் பகுதிகளில் கீழ்த்தளச் சுவர்கள் ஊறி நின்றன. உங்கள் மச்சு நிற்பது அந்தச் சுவர்மேல்தான். டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, எங்கே வாங்கினாலும் 1992-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் நான்கு வீட்டில் விசாரியுங்கள். கையை வைத்து உயரம் காட்டுவார்கள்.

பத்திரத்தில் என்ன வார்த்தை இருக்கிறது

இங்கேதான் என் கதை. நான் வாங்கிய மச்சு, அண்ணன் தம்பி மூவர் பிரித்துக்கொண்ட வீட்டில் ஒரு பாகம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "மேல் மச்சு முழுவதும்" என்று இருந்தது. அதையே என் கிரயப் பத்திரத்திலும் எழுதினார்கள். தட்டட்டி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. நாற்பது வருஷம் யாருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் எல்லாரும் ஒரே குடும்பம். மிளகாய் வத்தலும் வடகமும் எல்லாருக்கும் அங்கேதான் காய்ந்தது. நான் வந்து கதவு போட்ட அன்றைக்குப் பின்கட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். "மச்ச வாங்கியிருக்கிய. சரி. தட்டட்டிய யாரு உங்களுக்கு வித்தா?" சண்டைக்காரர் இல்லை. சட்டப்படி நியாயமாகத்தான் கேட்டார்.

பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டியிருந்தது. எட்டுப் பேர் கையெழுத்து. இரண்டு பேர் மும்பையில், ஒருவர் கோவில்பட்டியில், ஒரு அக்காள் துபாயில் மகளோடு. பதினோரு மாதம் ஆனது. பெரியவருக்கு வத்தல் போட்டுக்கொள்ளும் பாத்தியம் உண்டு என்று ஒரு வரியும் சேர்த்தோம். அவர் காலமான பிறகும் அந்த வீட்டிலிருந்து வந்து வத்தல் போடுகிறார்கள். எனக்கும் ஒரு டப்பா வரும்.

ஆகவே கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் இவை எல்லாம் எழுத்தில் வந்தாக வேண்டும்: மச்சு முழுவதும், அதன் மேலுள்ள தட்டட்டி, தெருவாசலிலிருந்து நடை வழியாக மாடிப்படி ஏறிப் போகவர உள்ள பாத்தியம், நடையின் அகலத்தோடு, கீழே மோட்டார், தண்ணீர்த் தொட்டி, மின்மீட்டர் வைத்துக்கொள்ளும் இடம், தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் கீழ்வீட்டுச் சுவரோடு இறங்கும் உரிமை, கிணறு இருந்தால் அதில் பங்கு. கழிவுக் குழாயை அற்பம் என்று நினைக்காதீர்கள். பழைய மச்சுகளில் கக்கூஸே கிடையாது. பிறகு கட்டியதற்கெல்லாம் குழாய் அடுத்தவர் பங்கு வழியாகத்தான் இறங்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் அடிமனை, அதாவது கட்டடம் நிற்கும் மண். பழைய பாகப்பிரிவினைகளில் மண்ணைக் கீழ்வீட்டுக்காரருக்கு எழுதிவிட்டு, மச்சை மட்டும் இன்னொருவருக்கு விட்டிருப்பார்கள். கட்டடம் நிற்கும் வரை தகராறு இல்லை. நாளைக்கு அது இடிந்தாலோ இடிக்க நேர்ந்தாலோ உங்கள் சொத்து ஆகாயத்தில் தொங்கும். "அடிமனையில் பிரிபடாத இத்தனை பாகம்" என்று பத்திரத்தில் இல்லாத மச்சை எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

அடிமனை என்றதும் இன்னொன்று. கோயில்களைச் சுற்றிய பகுதிகளில் மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருந்து, மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையதாக இருப்பது உண்டு. மாதாமாதம் அடிமனை வாடகை கட்டுவார்கள். 1959-ஆம் ஆண்டு அறநிலையத்துறைச் சட்டப்படி ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் மண்ணை விற்க முடியாது. விற்கிறவரிடம் வரி ரசீதுகளைக் கேட்கும்போது "கோயிலுக்கு ஏதும் கட்டுதியளா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள்.

காகிதங்கள்

மூலப்பத்திரம், அதிலிருந்து இன்றுவரை கைமாறிய ஒவ்வொரு பத்திரம், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், சொத்து வரி, குடிநீர் வரி ரசீது, மின் இணைப்பு அட்டை. நகர அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) என்று இருக்கும், இணையத்திலேயே எடுக்கலாம். பழைய பத்திரங்களில் இந்த எண்கள் இருக்காது, கதவு எண்ணும் நான்கெல்லையும் மட்டும்தான். அந்தக் கதவு எண்ணும் நடுவில் மாறியிருக்கும். பழைய எண், புது எண் இரண்டிலும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இணையத்தில் கிடைக்காத பழைய காலத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் மனுப் போட்டுத் தேட வேண்டும்.

வில்லங்கத்தில் ஒன்றுமில்லை என்றால் வில்லங்கமே இல்லை என்று பொருளில்லை. பதிவாகாத எதுவும் அதில் வராது. எங்கள் பக்கம் ஒத்தி வழக்கம் உண்டு. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பார்கள், காலி பண்ணும்போது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பல ஒத்திகள் இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி அரங்குக்குள் பெட்டியில் கிடக்கும். மச்சில் யாராவது குடியிருந்தால் நேரே அவரிடமே கேளுங்கள், வாடகையா ஒத்தியா என்று. ஒத்தி என்றால் அந்தத் தொகையை விலையில் கழித்து, கிரயத்தன்று நீங்களே குடியிருப்பவர் கையில் காசோலையாகக் கொடுத்து, அசல் தாளையும் சாவியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வாரிசுகள். "அக்காமாருக்கெல்லாம் சீர் செய்து அனுப்பியாச்சு, அவுக கேக்க மாட்டாவ" என்று சொல்வார்கள். கேட்க மாட்டார்கள்தான், விலை ஏறும் வரை. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் பெண்மக்களுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989 திருத்தத்திலேயே வந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் அதை விரித்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்று தெளிவாக்கிவிட்டது. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பத்து வீடு, மேலப்பாளையத்து முஸ்லிம் குடும்பத்து வீடு என்றால் வாரிசுக் கணக்கு வேறு. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் கையெழுத்தாக இருக்க வேண்டும். வர முடியாதவர் பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரம் தரட்டும். மைனர் பங்கு இருந்தால் வக்கீலைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பணம்

வங்கிக் கடன் எடுப்பதாக இருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே மேலாளரைப் பாருங்கள். பழைய கட்டடம், அதிலும் பங்கு என்றால் தயங்குவார்கள். கட்டடம் இன்னும் எத்தனை வருஷம் நிற்கும் என்று மதிப்பீட்டாளர் சான்று கேட்பார்கள். அட்வான்ஸில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுப்பது வருமான வரிச் சட்டப்படி கூடாது. கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளைத்தாள் ஒப்பந்தம் சண்டைக்குத்தான் உதவும்.

பதிவுச் செலவு நேரான கணக்கு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முப்பது லட்ச ரூபாய் மதிப்பு என்றால் 2,10,000-மும் 60,000-மும் சேர்த்து 2,70,000. வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். பத்து லட்சத்துக்குள் அடங்கும் சின்னப் பங்கைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் போனால் 1 சதவீத வரியை நீங்கள் பிடித்தம் செய்து கட்ட வேண்டும்.

பதிவு முடிந்த கையோடு பட்டாவில் பெயர் சேர்க்க மனுக் கொடுங்கள். பிரிபடாத பங்கு என்பதால் கூட்டுப் பட்டாதான் வரும். டவுன் என்றால் திருநெல்வேலி தாலுகா, பாளையங்கோட்டை தனித் தாலுகா. சொத்து வரியும் மின் இணைப்பும் தனித்தனியாகப் பெயர் மாற்ற வேண்டும். ஒன்று மாறினால் மற்றது தானாக மாறிவிடும் என்று ஆறு மாதம் காத்திருந்தவர்களைத் தெரியும்.

குடி வந்த பிறகு

முதல் தப்பு எல்லாரும் தண்ணீர்த் தொட்டியில்தான் செய்கிறார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். அதைத் தட்டட்டி நடுவில் வைத்தால், கீழே இருக்கும் கட்டைகள் நடுவில் ஒரு டன்னைச் சுமக்கும், ராத்திரி பகலாக. கனச் சுவர் எங்கே மேலேறுகிறதோ அதன் தலைமேல், இரும்புச் சட்டம் குறுக்கே போட்டு வையுங்கள். ஐநூறு லிட்டர் போதும் என்பது என் எண்ணம். மண்தொட்டித் தோட்டம் ஆசை இருந்தால் தொட்டிகளைச் சுவரோரமாக, அடியில் காற்றுப் போகும்படி செங்கல் வைத்து நிறுத்துங்கள். முருங்கையைத் தட்டட்டியில் வைக்காதீர்கள், யார் சொன்னாலும்.

இன்னொரு மாடி எடுக்கலாம் என்று தரகர் சொல்லியிருப்பார். சுண்ணாம்புச் சுவர்மேல் காங்கிரீட் மாடி ஏற்றுவதற்கு மாநகராட்சி அனுமதி கிடைப்பது இருக்கட்டும், சுவர் அனுமதிக்காது. தகரக் கொட்டகை போடுகிறவர்கள் ஆடிக் காற்றை நினைத்துக்கொண்டு போடட்டும். எங்கள் தெருவில் ஒரு கொட்டகை இரண்டு வீடு தள்ளிப் போய் இறங்கியது.

ஒட்டிய வீடுகள் என்பதால் தட்டட்டிக்குத் தட்டட்டி இடுப்புயரச் சுவர்தான் இருக்கும். "தனி" என்ற சொல்லுக்கு இங்கே அவ்வளவுதான் அர்த்தம். சித்திரை, வைகாசியில் நீங்கள் பாய் விரித்துப் படுத்தால் அடுத்த தட்டட்டியில் பேசுவது முழுக்கக் கேட்கும். அது பிடிக்காதவர்கள் பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரச் சர்ச் பக்கத்தில் காம்பவுண்டு உள்ள வீடாகத் தேடலாம். கார் வைத்திருப்பவர்களும் யோசிக்க வேண்டும். டவுன் தெருக்களில் நிறுத்த இடம் இல்லை, ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிப் பக்கம் வண்டியை நினைக்கவே வேண்டாம். அன்றைக்கு எப்படியும் உங்கள் வீட்டில் இருபது பேர் இருப்பார்கள். இருபது பேரையும் தட்டட்டியின் ஒரே ஓரத்தில் நிற்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருஷா வருஷம் புரட்டாசியில் ஒருநாள் ஒதுக்குங்கள். தூம்பில் அடைத்த சருகை எடுத்து, தட்டோட்டுச் சந்துகளைப் பார்த்து, பெயர்ந்த இடங்களில் சுண்ணாம்புக் கலவை வைத்து, முளைத்த கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். செலவைக் கீழ்வீட்டோடு எப்படிப் பகிர்வது என்று முதல் வருஷமே பேசி ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை வெறித்ததும் கீழே இறங்கிப் போய், அவர்கள் பட்டாசலில் நின்று ஒருதரம் அண்ணாந்து பாருங்கள். எப்படியும் காப்பி தருவார்கள்.